வலிக்காத ஊசி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘வலிக்காத ஊசி’. இருபத்திரண்டு வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர். குழந்தையோ கிழவரோ, ஆட்காட்டி விரலால் ஒரு தடவு தடவினால் போதும், நரம்பு அகப்பட்டுவிடும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

போன வருடம் விரல் முட்டிகள் வீங்கின. மூட்டுவாதம் என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை, காலையில் வெந்நீரில் கையை முக்குவது, பஞ்சுப் பந்தைப் பிசைவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“விரல் விறைப்பு காலையிலதான் ஜாஸ்தி. சரியாகுற வரைக்கும் பதினோரு மணி ஷிஃப்டுக்கு மாத்திக் கேளுங்க” என்றார் அவர். அதற்கு மட்டும் மனசு வரவில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஜனம் குவிவது காலை ஆறு மணிக்கு. அந்தக் கூட்டத்தை விட்டால் பட்டப்பெயர் என்னாவது?

“உங்க நரம்பு ஒளிஞ்சுக்குதுங்க. நல்லா தண்ணி குடிச்சிட்டு வாங்க.” குத்து தப்பும்போதெல்லாம் வந்தவர்களிடம் இந்தப் பொய்யைச் சொல்லியே எட்டு மாதம் ஓட்டினாள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருவார். அன்றைக்கு வயிற்றைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருக்கேம்மா. நரம்பு எழும்பட்டும்னு வழியெல்லாம் கையை உதறிக்கிட்டே வந்தேன். பாத்தவன்லாம் பைத்தியம்னு நெனச்சிருப்பான்.”

முதல் குத்து தப்பியது. புது ஊசியைப் பிரித்துக் குத்தினாள், அதுவும் தப்பியது. போன மாதம் கன்றிப்போன நீலமே அவர் கையில் இன்னும் மாறவில்லை.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் அவர். “என் நரம்பு உன் பேரைக் கெடுக்குது.”

கூனிக் குறுகிப் போனாள். எவ்வளவு கேவலமான காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கையுறையைக் கழற்றி, வீங்கிய விரல்களை அவர் முன்னால் நீட்டினாள்.

“உங்க நரம்புல ஒரு குறையும் இல்லைங்கய்யா. என் விரல்தான் சரியில்ல. எனக்கு எட்டு மாசமாவே தெரியும்.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ரத்தம் சுண்டிப்போச்சு, இனி ரொம்ப நாள் தாங்காதுன்னு நெனச்சு, வீட்டுக்காரிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்குடுக்க ஆரம்பிச்சிட்டேன். பாவம், ரெண்டு தடவை விழுந்துட்டா.”

அவர் சிரித்தார். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து, பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். ஒரே குத்தில் ரத்தம் வந்தது.