மத்தியான மணியும் சூடான எஞ்சினும்

சகாயம் அண்ணா... உன் வண்டியைக் கெடுத்தது நான்தான்!

அவன் இருந்தபோது இதைச் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோன பிறகு உங்களிடம் சொல்கிறேன்.

ராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் கரை. ஆனி, ஆடியில் கடல் பொங்கும். மீன்பிடி வள்ளங்களைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுக்க வேண்டும். பெரிய எஞ்சின் போட்ட பழைய ஜீப்தான் இழுக்கும். சுனாமி முடிந்து சில வருடம் கழித்து, அண்ணன் சின்ன எஞ்சினுக்குக் கூடுதல் பலம் தரும் டர்போ வைத்த பிக்கப் வாங்கி வந்தான்.

“லேய் சகாயம், இந்த மிக்சி மோட்டாரா எனக்க வள்ளத்த இழுக்கும்?” என்று சிரித்தார் ஜெரோம் மாமா.

“இழுக்காட்டி நானே கயிறப் புடிச்சி இழுக்கேன் மாமா!”

இழுத்தது! மறு வாரமே சாவியை என்னிடம் கொடுத்தான். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்ணிடம்! ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“ஏட்டி, இழுத்து முடிச்ச ஒடனே ஆஃப் பண்ணாத. டர்போ சூட்டுல பழுத்துக் கெடக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும், எண்ணெய் ஓடுனாத்தான் அது ஆறும்.”

நான் கேட்டேனா?

மத்தியானம் கோயில் மணி அடித்தால், கரையில் எல்லோரும் போட்டது போட்டபடி நின்று மாதாவுக்குச் செபம் சொல்வோம். அப்போது என் வண்டி மட்டும் உறுமினால்... ‘வண்டி ஓட்டுறவளுக்குச் செபம் வேண்டாம் போல’ என்று பெண்கள் சொல்வார்களே! மணி கேட்டதும் அணைத்துவிடுவேன், கொதிக்கக் கொதிக்க. பக்தியா அது? இல்லை... நல்ல பிள்ளை என்று பேர் வாங்கும் ஆசை.

அடுத்த ஆடியில், அண்ணன் இழுத்துக்கொண்டிருந்த ஜெரோம் மாமாவின் வள்ளம் பாதி மேட்டில் நின்றது. நீலப்புகை. இழுவையே இல்லை. அலை வந்து வள்ளத்தைப் புரட்டி அடியைப் பிளந்தது.

மெக்கானிக் டர்போவைக் கழற்றினார். “எண்ணெய் கரிஞ்சு கட்டியாயிருக்கு. சூட்டோட ஆஃப் பண்ணுனது யாரு?”

அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை.

“நான்தான்” என்றான்.

கரையிலும் அதையே சொன்னான். “எஞ்சின் மேல குத்தமில்ல மாமா. எனக்க கைதான் சரியில்ல.”

“அப்ப அந்தக் கைய வெட்டிக் கடல்ல போடுலேய்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு யாரும் தங்கள் வள்ளத்தை அவனிடம் கொடுக்கவில்லை.

வண்டியைச் சரிசெய்தான். என்னிடமிருந்து சாவியை மட்டும் திரும்ப வாங்கவேயில்லை! இன்றும் அதில்தான் மீன் ஏற்றிப் போகிறேன். நான் உண்ணும் சோறு அவன் தந்தது. நான் செய்தது தெரிந்துதான் ‘நான்தான்’ என்று சொன்னானா, அண்ணன்? கேட்க ஆளில்லை...

இப்போது மணி அடித்தால் எஞ்சினை அணைப்பதில்லை. அது ஓட ஓடச் செபம் சொல்கிறேன். உங்கள் ஊரில் மத்தியானம் மணியோ பாங்கோ எது கேட்டாலும், சகாயம் என்ற என் அண்ணனுக்காக எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.

எனக்காக வேண்டாம்.