வாசலில் நின்று கூப்பிட்டாள் என்று சொன்னேன்

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் தொழில் போனது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் என்பதால் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் வட்டக்கச்சியில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றி, பகலில் வாடகைக்கு ஹயர் ஓடினாள். அவளை அழைத்தவர்களில் அநேகர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள்.

ஆஸ்பத்திரி முன்வாசலில் டாக்சிக்காரரின் தரிப்பிடம் இருக்கிறது. அவர்கள் வரிசையில் நிற்பார்கள். வெளியே வருகிறவர் எவரும் முதல் வண்டியில் ஏறலாம். வழியில் கைகாட்டினாலும் ஏற்றுவார்கள். அவளுக்கு அந்த உரிமை இல்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தவரை மட்டுமே ஏற்றலாம். வாசலில் நின்று ஆள் பிடிக்கக் கூடாது. இப்படி ஒத்துக்கொண்ட பிறகுதான் அவளுடைய காரை அந்தப் பக்கம் விட்டார்கள்.

அவள் அதை மீறியதே இல்லை. ஒருநாள் நான் அவளுடைய காரில் போகும்போது, கொதிக்கிற வெயிலில், வாய்க்கால் கரையில் கைக்குழந்தையோடு ஒருத்தி கைகாட்டினாள்.

"பாவம், ஏத்துமன் பிள்ளை," என்றேன்.

"ஏத்தினா அவையளின்ர உழைப்பைப் பறிச்சதாப் போயிடும், ஐயா." போகிற போக்கில் தரிப்பிடத்துக்கு போன் எடுத்து, அந்தத் தாய்க்கு ஒரு டாக்சியை அனுப்பச் சொன்னாள்.

அவளிடம் மாறுவதற்கு முன் பல வருடம் என்னை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கொண்டுபோனவன் தரிப்பிடத்துத் தலைவன். அவனுடைய வான் வண்டியில் டீசல் மணக்கும். வழிநெடுக ஆள் ஏற்றுவான். யாரோ ஒருவரின் மரக்கறிப் பை என் மடியில் இருக்கும். ஆனால் என் மனைவியின் செத்தவீட்டுக்கு ஒரு சதமும் வாங்காமல் ஓடித்திரிந்தவன் அவன். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு முகமில்லை. "மருமகன் மருந்து வாங்கிக்கொண்டு வாறார், நான் கிளினிக்குப் போறதில்லை" என்று சொல்லிவிட்டு மின்சாரக் காருக்கு மாறினேன். அதில் புகையில்லை, சத்தமில்லை, நான் மட்டும் இருக்கலாம். அவன் காணாதபடி பின்வாசலால் வந்து ஏறுவேன். அடுத்த கிளினிக் நாளை இறங்கும்போதே அவளிடம் வாயால் சொல்லிவிடுவேன். போன் எடுத்ததில்லை.

ஒருநாள் பின்வாசல் பூட்டியிருந்தது. அவள் முன்வாசலுக்கு வந்தாள். நான் கார்க் கதவில் கை வைத்தபோது தலைவன் கண்டுவிட்டான்.

"என்ன மாஸ்டர், கிளினிக்கை விட்டாச்செண்டெல்லோ சொன்னனீங்கள்?"

பின்னால் நின்ற ஒருவன், "காரும் சத்தம் போடாது, மாஸ்டரும் சத்தம் போடாமப் போறார்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முகம் எரிந்தது. "இண்டைக்கு மட்டும்தான் வந்தனான், தம்பி. இவா வாசலில நிண்டு, வாங்கோ ஐயா எண்டு கூப்பிட்டா. அதுதான்..."

அவள் திகைத்துப்போனாள். "ஐயா, போன முறை இறங்கேக்க நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள்?"

"அப்ப மாஸ்டர் பொய் சொல்லுறாரோ?" என்று தலைவன் அவளிடம் பாய்ந்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு அவனுடைய வானில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அன்றோடு தரிப்பிடத்துக்காரர் அவளுக்கு இரண்டு வாசலையும் மூடிவிட்டார்கள். நடக்க முடியாத நோயாளிகள் அவளுக்காகப் பெருந்தெருவரை வருவார்களா? கார் முற்றத்தில் படங்கு மூடிக் கிடந்தது. அவள் விடியற்காலை பஸ்ஸில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள்.

சில மாதம் பொறுத்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. தரிப்பிடத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். தலைவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"தெரியும் மாஸ்டர்."

"தெரியுமோ?"

"அண்டைக்கே உங்கட முகத்தில தெரிஞ்சது. பெடியள் அவளைக் கலைக்கக் கனநாளாச் சாட்டுத் தேடினவங்கள். நீங்கள் குடுத்தீங்கள். சரி, இனி வரச்சொல்லுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன். வேலையால் வந்த களையோடு எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள்.

"எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லிப்போட்டன், பிள்ளை. நீ திரும்ப ஓடலாம்."

"நான் பக்கத்தில நிக்கேக்கச் சொல்லியிருக்கலாமே, ஐயா."

நான் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நாளைக்கு இன்னொராள் வாசலில வைச்சு, நான் வரச்சொல்லேல்லை எண்டு சொன்னா? என்ர சொல்லை ஆர் எடுப்பினம்?" என்றாள். அவளுடைய குரலில் கோபமில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அடுத்த கிழமை வவுனியாவிலிருந்து ஒருவர் வந்து காரை வாங்கிக்கொண்டு போனார். அவள் இன்றும் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். தரிப்பிடத்தில் எனக்கு மரியாதை குறையவில்லை. கிளினிக் முடிந்து வெளியே வந்தால், "மாஸ்டர் வாறார்" என்று யாராவது ஓடிவந்து முதல் வண்டியின் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.