ஏணி அண்ணனின் ஒற்றை விருப்பம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. அவர் வயசுக்காரர்கள் எல்லாம் சர்க்கரை, மூட்டுவலி என்று பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒரு மாதமாகப் புதிதாக வரப்போகிற கேம் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

"இந்தா பாரு, படம் கசிஞ்சிருக்கு" என்று ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். அதில் இருட்டாக ஒரு மூலையும் ஒரு திருகாணியும் தெரியும்.

"இதக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா? அடுப்புல பால் இருக்கு."

"காத்து போற ஓட்டை பத்தாது. சூடாயிடும். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொள்ள எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்! ஆனால் அந்த ஃபோனுக்குள் அதை எழுதி வைத்துக்கொள்ள நானூறு பேர் இருந்தார்கள். அந்த மெஷினின் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் குழு. அங்கே இவருக்குப் பெயர் ஏணி. லிஃப்ட்காரன் தனக்கு ஏணி என்று பெயர் வைத்துக்கொண்டதுதான், நான் அறிந்த வரையில், இந்த மனுஷன் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக். சின்னப் பையன்கள் எல்லாம் "ஏணி அண்ணே, ஏணி அண்ணே" என்று உயிரை விடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அறிவிப்பு என்று தேதி குறித்துவிட்டார்கள். அன்றிலிருந்து குழுவில் ஒரே அமர்க்களம். ஆளாளுக்குத் தன் ஆசைகளை வரிசை போட்டு எழுதினார்கள். பால்குடிக் குழந்தை இருக்கிற ஒருத்தி, மெஷினின் விசிறிச் சத்தம் கேட்கவே கூடாது என்றாள். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் சார்ஜ் மூன்று நாள் நிற்க வேண்டும் என்றான் ஒருவன். கறுப்பா வெள்ளையா என்று இரண்டு பேர் கட்டிப்புரளாத குறையாகச் சண்டை போட்டார்கள். ஆளுக்கு இருபது, முப்பது ஆசை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றே ஒன்று எழுதினார்: "புது மெஷின்ல ஆடுறவங்களோட பழைய மெஷின்ல இருக்கறவங்களும் சேர்ந்து ஆட முடியணும்."

கிண்டல் பண்ணினார்கள். "ஏணி அண்ணன் பழைய மெஷினக் கட்டிப்புடிச்சுட்டே கண்ண மூடுவாரு" என்று ஒருவன் எழுதினான். இவர் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். புது மெஷின் வாங்க எங்களுக்கு இப்போதைக்கு வழியில்லை என்பதும், பழையதிலிருந்து சேர்ந்து ஆட முடியாவிட்டால் இவருக்கு என்ன போய்விடும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போவது எங்கள் மகன்.

ஒரே பையன். பிறந்தபோது கையகலம்தான் இருப்பான். கொசு என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஒரு வருடம் வீடு வீடாகப் பேப்பர் போட்டு, தன் சம்பாத்தியத்தில் ஒரு கேம் மெஷின் வாங்கினான். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டான். ரிசல்ட் வந்த அன்று இவர் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெஷினை வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்க் குளியலறை வாளித் தண்ணீரில் முக்கி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். குமிழி குமிழியாக வந்தது. பையன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் வீட்டை விட்டுப் போனான். அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஊரில், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. புதன்கிழமைதோறும் எனக்கு ஃபோன் செய்வான். "அப்பா பக்கத்துல இருக்காராம்மா" என்றும் கேட்க மாட்டான், "எப்படி இருக்காரு" என்றும் கேட்க மாட்டான். இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதைப் போலவே பேசுவான்.

இந்த மனுஷனுக்கு வாய் இல்லாமல் இல்லை. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. உங்க பேரு என்ன? எத்தனை புள்ளைங்க?" என்று அவ்வளவு நயமாகப் பேசுவார். கதவு திறந்து ஆள் வெளியே வந்ததும், "ஓவர்லோடு மணி அடிச்சா எறங்க மாட்டீங்களா? அறிவில்ல?" முகத்தைப் பார்த்துவிட்டால் இவருக்கு நல்ல வார்த்தை வராது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கும் அதே கதிதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஏதோ ஓர் அடுக்ககத்தில் வீடு காலி செய்தவர்கள் கொடுத்த பழைய கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதையும் வாளில முக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். குனிந்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தார். கொசு லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை ஆடுவதாக என்னிடம் ஃபோனில் சொல்லியிருந்தான். அதை நான்தான் இவரிடம் உளறியிருந்தேன். பத்து நாள் தேடி, "கொசு" என்ற பெயரோடு அவன் பிறந்த வருடமும் ஒட்டியிருந்த ஒரு லாரியைக் கண்டுபிடித்தார். அதன் பின்னாலேயே தன் லாரியை ஓட்டினார். மலைப்பாதையில் அவன் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தபோது, இவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். "தேங்க்ஸ் அண்ணே" என்று எழுத்து வந்தது. இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு மாலை ஐந்து மணியானால் லாரி கிளம்பிவிடும். மைக் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தார். ஓட்டிக்கொண்டே எழுத முடியாதே, அதனால் வழியில் பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தி, ஃபோனில் எழுதித்தான் பேச்சு. இவர் கண்ணுக்குப் பொடி எழுத்து சரியாகத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் தடுமாறுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன். பொறுக்க முடியாமல் சில நாள் நானே ஃபோனைப் பிடுங்கிப் பதிலும் எழுதியிருக்கிறேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, என்ன சாப்பிட வேண்டும், எத்தனை போர்வை போர்த்த வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். "என்ன ஏணி அண்ணே, எங்கம்மா மாதிரியே பேசறீங்க" என்றான். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்தது அன்றைக்கு. இன்னொரு நாள், "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று இவர் துணிந்து கேட்டுவிட்டார். "அப்பா இல்லண்ணே. செத்துட்டாரு" என்று பதில் வந்தது. இவர் ரொம்ப நேரம் யோசித்து, "வருத்தமா இருக்கு தம்பி" என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் செத்துட்டேனாம்" என்றார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது.

அவன் ஏணி அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினான். ஒரு பெண்ணை விரும்பியதையும், அவள் வேண்டாமென்று போனதையும், அந்த வாரம் முழுக்கக் கடையின் குடோனுக்குள் போய் அழுததையும் எழுதினான். என்னிடம் அதையெல்லாம் சொன்னதே இல்லை. அடுத்த புதன்கிழமை அவன் ஃபோனில், "நல்லா இருக்கேம்மா" என்றபோது, "மனசத் தளர விடாதடா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அறிவிப்பு நாள் வந்தது. மூன்றரை மணிக்கே இவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மேடையில் ஒல்லியாக ஓர் ஆள் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான், விஷயத்துக்கு வருகிற வழியைக் காணோம். குழுவில் நானூறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் வந்தது. கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, சாம்பல். பாவம், சண்டை போட்ட இரண்டு பேரும். அப்புறம் அந்த ஆள், பழைய மெஷின்காரர்களும் இதோடு சேர்ந்து ஆடலாம் என்று சொன்னானோ இல்லையோ, இவர் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "பாத்தியா! பாத்தியா!"

"வலிக்குதுங்க!" என்றேன். எனக்கும் சந்தோஷம்தான்.

கேட்டது கிடைத்தது. கேட்காததும் கூடவே வந்தது. இனிமேல் சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாமாம். சின்னதாக ஒரு கேமரா. டிவி மேல் மாட்டினால் போதும், பழைய மெஷினிலும் வேலை செய்யும். திரையின் ஓரத்தில் சிரித்த முகங்களாக வந்து நின்றன. குழு கொண்டாடித் தீர்த்தது. ரொம்பப் பேர் இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களில் ஒருவன் கொசு.

"ஏணி அண்ணே! உங்க ஆசையும் வந்துச்சு, என் ஆசையும் வந்துச்சு" என்று தனியாக எழுதினான். "மூணு வருஷமா ஒண்ணா லாரி ஓட்டறோம், உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. எங்க கடைக்குத்தான் மொத சரக்கு வருது. உங்களுக்கு ஒரு கேமரா நான் அனுப்பறேன். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. அட்ரஸ் குடுங்க."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாம் தம்பி, நான் பாக்க நல்லா இருக்க மாட்டேன்" என்று எழுதினார்.

"நான் மட்டும் பெரிய அழகனா? அட்ரஸ் குடுங்கண்ணே. இல்லேனா நீங்க ஆளே இல்ல, கம்ப்யூட்டர்னு நெனச்சுக்குவேன்."

இவர் ஃபோனை மடியில் வைத்துவிட்டு, "எங்க ஆபீஸ் அட்ரஸ குடுத்துடவா?" என்று என்னைக் கேட்டார். "கேமரா வந்தா, கெட்டுப்போச்சுனு சொல்லிக்கலாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"மைக்கு கெட்டுப்போச்சு, கேமரா கெட்டுப்போச்சு! இன்னும் எத்தனை நாளுங்க? அவனே ஆசையா கேக்கறான். வீட்டு அட்ரஸையே அனுப்புங்க. பாத்ததும் புரிஞ்சுக்குவான்."

"தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவான்."

"போக மாட்டான். அவனப் பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா அண்ணே அண்ணேனு சுத்தி வரானே, அந்தப் பாசம் எங்க போயிடும்?"

"பயமா இருக்கும்மா" என்றார். என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் மடியிலிருந்து ஃபோனை நான் எடுத்தேன். மூன்றாவது மாடி, கதவு எண், தெருப் பெயர் எல்லாம் நானே எழுதினேன். அனுப்பியதும் நான்தான்.

படித்துவிட்டான் என்று காட்டியது. ஏதோ எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினான், மறுபடி நின்றது. பிறகு என் ஃபோன் அடித்தது. புதன்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

"அம்மா, ஏணி யாரு?"

"அப்பாதான்டா கண்ணு."

"நான் யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"மொதல் நாள்லேருந்து தெரியும். உன்கிட்ட ஒரு வார்த்தை பேச வேற வழி தெரியாம..."

"அந்தப் பொண்ணு விஷயம், குடோன்ல அழுதது, எல்லாம் அவர் படிச்சாரா?" அவன் குரல் தணிந்திருந்தது. இவர் கத்தாமல் வாளியை நோக்கிப் போனாரே, அதே மாதிரி இருந்தது. "ஒலகத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதாம்மா சொன்னேன். என்னைத் தெரியாத ஆளுன்னுதாம்மா சொன்னேன்."

"டேய், அப்பா எவ்ளோ..."

"காய்ச்சலுக்கு எழுதினது நீதானே?"

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நீயும் பக்கத்துல உக்காந்து படிச்சியாம்மா?"

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுடா. நான்தான் படிச்சுச் சொல்லுவேன்" என்றேன்.

அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

அன்று ராத்திரிக்குள் அவன் பெயர் இவருடைய மெஷினிலிருந்து போய்விட்டது. குழுவிலிருந்தும் விலகியிருந்தான். புதன்கிழமை ஃபோன் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. நான் கூப்பிட்டால், இந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் சொல்கிறாள். கடைக்குப் பேசிப் பார்த்தேன்; மாதக் கடைசியோடு நின்றுவிட்டானாம், எங்கே போனான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. புது மெஷின் கடைகளுக்கு வந்துவிட்டது. குழுவில் எல்லாரும் தங்கள் முகங்களைப் போட்டுக்கொள்கிறார்கள். "ஏணி அண்ணன் எங்க, ஆளையே காணோம்?" என்று யாரோ இரண்டு முறை கேட்டிருந்தார்கள்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"நீ படிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குச் சுர்ரென்று வந்திருக்க வேண்டும். யார் ஆரம்பித்த பொய், மெஷினை வாளியில் முக்கியது யார் என்று பிடிபிடி என்று பிடித்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அதையேதான் நானும் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்டயாவது பேசிட்டு இருந்திருப்பான்" என்றார்.

"ஆமாங்க. சொல்லியிருக்கலாம்" என்றேன்.

நாலு மாதம் ஆகிறது. அவன் எந்த ஊரில் இருக்கிறான், சாப்பிட்டானா இல்லையா என்று இந்த வீட்டில் இப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.