அத்தான் துவக்குக்குக் குழல் மாற்றிய நாள்

எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய அந்தப் புதிய குழல், அத்தான் வீட்டுப் பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு மேல் கிடந்தது. முதலில் நான் அதைத் தண்ணீர்க் குழாய் என்றே நினைத்தேன். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. விடிய முதல் தொடங்கி மத்தியானம் முடிந்து, மிசிசாகாவிலிருந்து மல்வேர்ன் வரை நெரிசலில் ஊர்ந்து வந்திருந்தேன். முதுகும் தோளும் கல்லாக இருந்தன. கீழே இறங்கியதும் உட்கார ஒரு கதிரையைத் தேடினேன். அத்தான் கதிரை தரவில்லை. துவக்கை, தன் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கி, அதன் குழலை மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் வைத்து, மரக்கட்டைகளால் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டே, "இதைப் பிடி. அசைய விடாதை" என்றார்.

இரண்டு வருடங்களில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் கோயிலில் கண்டால் தலையசைப்போம். நத்தார்ப் பண்டிகைக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் போனில் இரண்டு வசனம் பேசுவோம். வேலை, குளிர், பனி என்று காரணங்களுக்குக் குறைவில்லை. உண்மையான காரணம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதனால், "துவக்குக்குக் குழல் மாத்த வேணும். ஒராளால ஏலாது. வாறியோ?" என்று அவர் கேட்டபோது போக மனம் வரவில்லை. மறுக்கவும் முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏழு வருடம் நான் படுத்தெழும்பியது இதே பேஸ்மென்டில்தான்.

அத்தான் ஸ்காபரோவில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் கடைசல் மெசினில் நின்று உழைத்தவர். அங்கே அவருக்கு மேலாளாக இருந்த போர்மன், வடக்கே காட்டோரத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். ஆங்கிலம் தடுமாறிய காலத்திலிருந்து அத்தானைப் பக்கத்தில் வைத்து நடத்திய மனிதர். ஒருமுறை மான் வேட்டைக்கு வா என்று கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அத்தான் முறைப்படி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்தார். போர்மன் ஓய்வு பெற்று ஊரோடு போனபோது தன் துவக்கை அத்தானுக்குக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் மூன்று நாள் அத்தான் அவரிடம் போய்விடுவார்.

துவக்கு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு பொருள் இருந்தது. சண்டைக் காலத்து ஊரில் நாங்கள் துவக்கைக் கண்டதெல்லாம் அதன் முன்பக்கத்திலிருந்துதான். அதனால் அக்கா அந்தப் பூட்டிய அலுமாரி இருந்த மூலைக்குப் போகவே மாட்டா. "உந்தச் சனியனை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியளே" என்று பேசுவா. பேசிக்கொண்டே அத்தானின் தடித்த காலுறைகளை மடித்துப் பையில் வைப்பா. இறைச்சி வந்தால் மிளகு தூக்கலாகப் போட்டுக் கறி வைத்து, அஜின்கோர்ட்டில் இருந்த எனக்கும் கொடுத்துவிடுவா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மூன்று நாளும் அக்காவுக்குத் துணை நான். ஒரு போன் அடித்தால் இருபது நிமிடத்தில் போய்விடுவேன்.

குழல் மாற்றியதற்கு இரண்டு வருடம் முன்பு, அவர் அப்படிப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை அக்கா போன் அடித்தா. நெஞ்சு நோகுது என்றா. நான் போவதற்கும் அம்புலன்ஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. மாரடைப்புத்தான், ஆனால் ஆபத்தில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னார். காட்டுக்குள் அத்தானின் கைபேசி வேலை செய்யாது. போர்மனின் வீட்டு நம்பர் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதை நான் கையோடு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அக்கா கண்டுவிட்டா.

"அவருக்குச் சொல்லிப்போடாதை. கேட்டாரெண்டா மனுசன் உந்த மழை ரோட்டில அடிச்சுப் பிடிச்சு ஓடி வரும். நாளைக்குப் பின்னேரம் வரப்போறவர்தானே."

நான் போன் அடிக்கவில்லை. அக்கா சொன்னதற்காக மட்டுமில்லை. எனக்கும் களைப்பாக இருந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு கிழவருக்கு விளங்கப்படுத்தி, பிறகு அத்தானின் பதற்றத்தையும் தாங்க வேண்டுமே என்று நினைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். ஞாயிறு காலை அக்காவுக்கு இரண்டாவது தடவை வந்தது. அப்போதுதான் போனை எடுத்தேன். போர்மன் முதல் மணியிலேயே எடுத்தார். அத்தானைத் தேடிக் காட்டுக்குள் போனார். அத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆறு மணி. அக்கா போய் ஐந்து மணித்தியாலம்.

சேறு காயாத சப்பாத்துகளோடு அவர் ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று கேட்டது ஒன்றுதான்.

"நேற்றுக் காலமை நடந்ததெண்டா, ஏன்டா எனக்கு நேற்று அறிவிக்கேல்லை?"

"அடிச்சனான் அத்தான். கனதரம் அடிச்சனான். ஒருத்தரும் எடுக்கேல்லை."

எப்படி அந்தப் பொய் அவ்வளவு வேகமாக வாயில் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். செத்தவீட்டில் கூட்டம். பெண்சாதி சாகிற நேரம் மனுசன் மான் சுட்டுக்கொண்டு நின்றாராம் என்று ஆட்கள் குசுகுசுத்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நான் பூவளையங்களை அடுக்கினேன். எட்டாம் நாள் போனது, முப்பத்தொன்று போனது. பொய்யின் மேல் நாட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் பாதையில் அதை எடுத்துப் பார்ப்பேன். இன்றைக்கு ஏலாது என்று திரும்ப வைப்பேன்.

அன்று அந்தப் பேஸ்மென்டில், பழைய குழல் அசைய மறுத்தது. இரண்டு நாளாக எண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்ததாக அத்தான் சொன்னார். நான் வைஸோடு சேர்த்துப் பிடிக்க, அவர் நீண்ட கைப்பிடி உள்ள திருகுசாவியைப் போட்டுத் தன் உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்தார். இரண்டு பேருக்கும் வியர்த்தது. நாலாவது தடவை, காய்ந்த கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். குழல் கழன்றது. அத்தான் அதைக் கையில் எடுத்து, ஒரு முனையில் டோர்ச்சைப் பிடித்து, "பார்" என்றார். உள்ளே பளபளக்க வேண்டிய இடமெல்லாம் அம்மைத் தழும்பாகத் துரு.

"அண்டைக்கு நல்ல மழை. போர்மன் வந்து சொன்னவுடன ஈரத்தோட உறைக்குள்ள தள்ளிப்போட்டு ஓடி வந்தனான். பேந்து போன மாதம்தான் திறந்தனான்."

"இனி வேட்டைக்குப் போகப் போறியளோ அத்தான்?"

"இல்லை. திருப்பிக் குடுக்கப் போறன். கடதாசி வேலையெல்லாம் முடிச்சிட்டன். அவர் தந்தது. துருப்பிடிச்சதைக் குடுக்கேலாது. குடுத்திட்டு, அவரோட கதையை முடிக்க வேணும்." எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இருபத்திரண்டு வருசப் பழக்கம். ஒரு போனை எடுக்கத் தெரியேல்லை அந்த மனுசனுக்கு. நான் கேட்டனான். சொறி, சொறி, மன்னிச்சுக்கொள் எண்டு மட்டும் சொன்னார். பிறகு எத்தினையோ தரம் அவர் அடிச்சார். நான் எடுக்கேல்லை."

நான் வைஸை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் எதுவும் இருக்கவில்லை. என் பொய் அத்தானை என்னிடமிருந்து மட்டும்தான் பிரித்தது என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அந்தப் பொய் என் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வடக்கே ஒரு வீட்டில் போய் வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. துணிச்சல் வந்து நான் சொல்லவில்லை. இனியும் சுமக்க உடம்பில் பலமில்லை, அவ்வளவுதான்.

"அத்தான், அவரில பிழையில்லை. சனிக்கிழமை நான் அடிக்கவேயில்லை."

அவர் திரும்பவில்லை. அக்கா சொன்னதைச் சொன்னேன். அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்ததைச் சொன்னேன். என் களைப்பையும் சொன்னேன். அதுதான் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் உலையின் விசிறி ஓடி நின்றது. அத்தான் புதிய குழலின் கடதாசியைப் பிரித்தார். தனியாகவே அதைப் பொருத்தி, புரி புரியாகத் திருகினார். அளவு பார்க்கும் சிறிய உருக்குத் துண்டுகள் இரண்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்றும் அவசரமாகச் செய்யவில்லை. இறுக்குகிற நேரம் வந்தபோது நான் கிட்டப் போனேன்.

"விடு. நீ பிடிக்க வேண்டாம்."

நான் படியில் ஏறினேன். பாதியில் அவர் குரல் வந்தது.

"வாற ஞாயிறு உனக்கு வேலையோ?"

"ஓம்."

"லீவு எடு. வடக்க போறம். அந்த மனுசனுக்கு முன்னால இருந்து, எனக்குச் சொன்ன மாதிரியே சொல்ல வேணும்."

மூன்றரை மணி நேர ஓட்டம். போகும்போது அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். துவக்கு பூட்டிய பெட்டியில் பின்னால் கிடந்தது. போர்மன் வாசலுக்கு வந்து நின்றார். நான் நினைத்ததைவிட முதியவர், காலை இழுத்து நடந்தார், இரண்டு காதிலும் கருவி. அத்தானைக் கண்டதும் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்திருந்தார். வரவேற்பறையில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய போன் இருந்தது. மணி அடித்தால் சிவப்பு விளக்கு மின்னும் வகை. காது கேளாதவர்களுக்காகச் செய்தது.

நான் சொன்னேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல். முடிந்த பிறகு அவர் அந்தப் போனைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை கால் வலியால் இந்தக் கதிரையைவிட்டு எழும்பவேயில்லை என்றார். போன் அடித்த ஞாபகம் இல்லை, ஆனால் அடித்தது என்று சொன்னால் அடித்துத்தானே இருக்கும் என்று நம்பிவிட்டாராம். அதன்பிறகுதான் காதைச் சோதித்தாராம், கருவி வாங்கினாராம், இந்த விளக்குப் போனும் வாங்கினாராம். "இரண்டு வருடமாக, நான் நித்திரையாகிவிட்டேனோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் நிம்மதியாகச் சொன்னார்.

அத்தான் எழும்பிப் போய் அவருக்கு முன்னால் குந்தியிருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அத்தான் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பவும் அதே பெட்டியோடு வந்தார். போர்மன் வாங்க மறுத்துவிட்டாராம். புதுக் குழலைச் சுட்டுப் பார்க்க வேண்டும், இலை உதிரும்போது வா என்று சொல்லிவிட்டாராம்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அவர் ஒவ்வொரு வருடமும் போய் வருகிறார். எனக்கு இன்னும் அதே வேலை, அதே முதுகு வலி. என்னை மன்னித்துவிட்டேன் என்று அத்தான் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குத் திரும்பும் வழியில், பெருந்தெருவில் ஏறியதும், அவராகவே ரேடியோவை நிற்பாட்டினார்.

"சரி, இப்ப சொல்லு. அந்தச் சனிக்கிழமை முழுக்கச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொய்யை மறைப்பதற்காக, அக்காவின் கடைசி நாள் முழுவதையுமே நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவவுக்குக் குளிர்ந்தது, இரண்டாவது போர்வை கேட்டா என்றேன். பக்கத்துக் கட்டில் கிழவியோடு தமிழிலேயே கதைத்தா, அந்தக் கிழவி இத்தாலிய மொழியில் பதில் சொன்னா என்றேன். அத்தான் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"மத்தியானம் சாப்பிட்டவவோ?"

"சோறில்லையே எண்டு முகத்தைச் சுழிச்சவ. ஜெல்லி மட்டும் சாப்பிட்டவ."

"என்ன நிறம்?"

"பச்சை" என்றேன்.

அவர் தலையாட்டினார். "பிறகு?" என்றார்.