வாங்காத அக்கா

சட்டையின் கழுத்துப்பட்டியை உள்பக்கமாகத் திருப்பி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளை, முழுக்கை, கலப்பில்லாத பருத்தி. சரியான சட்டைதான்.

"என்னக்கா, இந்தத் தடவையாவது எடுப்பீங்களா, இல்ல தடவிட்டுத்தான் போவீங்களா?" என்கிறான் துணிக்கடைக்காரன்.

"விலையைச் சொல்லுங்க தம்பி. சட்டை உங்களுக்கே அழகா இருக்கும்."

கடைத்தெருவில் அவளுக்கு 'வாங்காத அக்கா' என்று பெயர். புள்ளிவிவர அலுவலகத்தில் விலை கேட்டு எழுதும் வேலை. கடல் தாண்டி உள்ள ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியையும் இந்த நாட்டினுடையதையும் அலுவலகம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த நாட்டுக் காசை வங்கி மாற்று விலையில் பெருக்கினால் மலையாகத் தெரியும். அதே சட்டை, அதே முட்டை, அதே முடிவெட்டு இரண்டு இடத்திலும் என்ன விலை என்று கேட்ட பிறகுதான் மலை தன் உயரத்துக்கு இறங்கி வரும். இதை முட்டைக்கடைக்காரருக்கு அவள் ஒரே வரியில் புரியவைத்துவிட்டாள்: "பேங்க் சொல்ற கணக்கு வேற, வயிறு சொல்ற கணக்கு வேறண்ணே."

"அப்ப நாம பணக்காரங்களா, பரதேசிங்களா?"

"முடி வெட்டுறதுல பணக்காரங்க. போன் வாங்குறதுல பரதேசிங்க."

பேரம் பேசக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. அது உடம்பில் ஊறிப்போய், வீட்டுக்குக் காய் வாங்கும்போதும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் காபி குடித்த கோப்பையைக் கவிழ்த்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பாள். "அண்ணி வர்றாங்க, புதுசா வாங்கினதை எல்லாம் உள்ள எடுத்து வைங்க" என்று நாத்தனார் குரல் கொடுப்பாள். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு இல்லை. மகன் அதே நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். "இங்க வாங்கினதைப்போல நாலு மடங்கு சம்பளம்!" என்று மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கணவர், பஞ்சர் ஒட்ட வந்தவனிடம்கூடச் சொல்லி அனுப்புகிறார். சம்பளத்தில் பாதி மாதாமாதம் இங்கே வந்துவிடுகிறது. அதில் வீட்டுக்கு மாடி எழும்புகிறது.

அவள் வயிற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு மடங்கு சுருங்கிச் சுருங்கி, அவன் இங்கே வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்துக்கும் ஒரு விரற்கடை கீழே போய் நின்றது. அதிலும் பாதி போனால் பிள்ளை எதைத் தின்கிறான்?

"உன் ஆபீஸ் கணக்கை ஆபீஸோட வெச்சுக்கோ" என்றார் கணவர். "புள்ள வாயால ஒரு குறை சொன்னானா?"

சொல்லவில்லைதான். மாடிப்படியின் அடியில் அடுக்கிய சிமெண்டு மூட்டைகளைக் கடக்கும்போதெல்லாம், தூங்குகிறவனை மிதித்துவிடக் கூடாது என்பதுபோல் புடவையை ஒதுக்கிக்கொண்டு போகிறாள்.

ஞாயிறு மதியம் அவன் முகம் போனில் வந்தது. தலையில் தொப்பி. கணவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னடா வீட்டுக்குள்ள தொப்பி?"

"சும்மாதான்மா. குளிரு."

"முடி வெட்டினியா?"

"போன வாரம்தான் வெட்டினேன்."

"என்ன விலை?"

"அம்மா, எங்கிட்டயும் ஆபீஸ் வேலை பாக்குறியா?" சிரித்தான். "ஒண்ணேகால்."

விலை கொடுத்தவன் சலித்துக்கொண்டு சொல்வான், கொடுக்காதவன் சிரித்துக்கொண்டு சொல்வான் என்பது அவள் தெருத் தெருவாக நடந்து கற்றது. அந்த ஊர்க் காசில் பத்துக்குக் குறைந்து யாரும் கத்தரியைத் தொடுவதில்லை. அங்கிருந்து வந்த விலைத்தாளைப் பார்த்தவள் அவள். இந்த ஒன்றேகால் எங்கிருந்து வந்தது? மனம் தானாகவே பெருக்கிப் பார்த்தது. வங்கி மாற்று விலையில் அது அச்சு அசலாக இந்தத் தெருமுனை சலூனின் விலை. இந்த ஊர் விலையைத்தான் அந்த ஊர்க் காசாக்கிச் சொல்லியிருக்கிறான். பிள்ளை அங்கே ஒரு சலூனுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

"கேட்டியா?" கணவரும் வங்கிக் கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டினார். "அங்கயும் நம்ம விலைதான்! நீதான் பயந்து சாகுற."

அங்கே ஏதோ பொங்கி வழிந்தது. "இரும்மா" என்று அவன் அடுப்பை அணைக்கத் திரும்பிக் குனிந்தான். தொப்பி நழுவி விழுந்தது. பின்மண்டையில் முடி படிக்கட்டுபோல் இருந்தது. ஓரிடத்தில் தோல் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துத் தானே வெட்டிக்கொள்கிறவனுக்குக் கை எட்டாத இடம் அது.

கணவர் போனுக்கு இன்னும் நெருங்கிக் குரலை உயர்த்தினார்.

"தம்பி, அடுத்த வாரம் மேல கூரை போடணும்ப்பா. இந்த மாசம் மட்டும் கொஞ்சம் கூடச் சேத்து..."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் இடக்கையைத் தூக்கிக் கணவரின் வாயைப் பொத்தினாள்.