சூடு எத்தன, அம்மணி?

போன மாதம் என் மகன் சரவணம்பட்டி வீட்டு ஹாலில் போர்வையை விரித்து உட்கார்ந்து, தனக்கான கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகத் தானே பூட்டினான். பிராசஸரின் சூட்டைத் தணிக்கக் கம்பெனிக்காரர்களே அதோடு வைத்துத் தரும் சின்னக் கூலரை எடுத்து, "இது சும்மா கூட வர்றதும்மா, நான் வேற பெருசா வாங்கிட்டேன்" என்று ஓரமாகத் தள்ளினான். நான் அதைக் கையில் எடுத்தேன். அலுமினியத் தகடுகள், மேலே ஒரு விசிறி, திருப்பினால் அடியில் சாம்பல் நிறத்தில் பசை. கூலரைப் பார்த்துக் கண்கலங்கும் அம்மா ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் வாய்த்திருப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தோம். வீட்டுக்கு முன்புறமே அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. கிணற்றில் ஓடிக் கருகிப்போன மோட்டார்களெல்லாம் டெம்போவில் வந்து இறங்கும். அப்பாவும் அண்ணனும் அவற்றைப் பிரித்து, புதிதாகக் கம்பி சுற்றி, ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். ஓடுகிற மோட்டாரின் மேல் அண்ணன் புறங்கையை வைத்துப் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த தெர்மாமீட்டர் அது ஒன்றுதான். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் அதே புறங்கைதான். "லோடு கொஞ்சம் ஜாஸ்தி, பேரிங் நல்லாத்தான் இருக்குது" என்பான். எனக்குக் கோபமாக வரும். இப்போது அந்தக் கிண்டலைக் கேட்க எத்தனை காய்ச்சல் வேண்டுமானாலும் தாங்குவேன்.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடப் புராஜெக்டுக்கு வீட்டில் ஒரு மெஷின் இருந்தால்தான் கதை நடக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு வரன் வந்தது. படித்தது போதும், தை மாதம் கல்யாணம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அண்ணனுக்கு மஸ்கட்டில் பம்ப் செட் வேலை கிடைத்துக் கிளம்பத் தயாராக இருந்த சமயம் அது. கிளம்புவதற்கு முன் எனக்காக அப்பாவிடம் அவன் சண்டை போட்டான். ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவன் பேசியதில் அப்பா கொஞ்சம் ஆடிப்போனார். கடைசியில், "செரி, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியப் பூட்டு. நம்ம மோட்டாராட்டம் ஒரு பகல் பூராவும் நிக்காம ஓடோணும். ஓடுனா அவ படிச்சு முடிக்கட்டும். நின்னுபோச்சுன்னா தையில கல்யாணம்" என்றார். என் தலையெழுத்து ஒரு தகரப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது.

காந்திபுரத்தில் பாகங்களை வாங்கிவந்து பட்டறை மேசையிலேயே பூட்டினோம். எனக்குப் பாடப் புத்தகம் தெரியும், அவனுக்கு ஸ்பேனர் தெரியும். இரண்டு பேருக்குமே கம்ப்யூட்டர் பூட்டத் தெரியாது. கூலரின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மாட்டும்போது போர்டு லேசாக வளைந்து முனகியது.

பெட்டி ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. பெட்டியைப் போட்டதும் டெலீட் பொத்தானை அழுத்தினால் வரும் செட்டிங்ஸ் நீலத்திரையில் பிராசஸரின் சூடு எண்ணாகத் தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எண்பது டிகிரியைத் தாண்டியது. அண்ணன் பிராசஸர் ஓரமாகப் புறங்கையை வைத்தான், சுரீரென்று எடுத்தான். "விசிறி தலகீழா சுத்துதாட்ட இருக்குது" என்று ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தான். அது சரியாகத்தான் போனது. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். சமையலறையில் வெந்துகொண்டிருந்த அம்மா, "எனக்கு வெச்ச ஃபேன இந்தப் பொட்டி மகராசிக்கு வெச்சுட்டானே" என்று புலம்பினாள். எதற்கும் பெட்டி மசியவில்லை. அப்பா காலண்டரை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூலரைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போனோம். கடைக்காரர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

"ஏனுங்க, இதுல ஒட்டியிருந்த பசை எங்கீங்க?"

"அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுப்போட்டேனுங்க" என்றான் அண்ணன்.

பட்டறைப் பழக்கம் அது. இரண்டு இரும்பு சேருகிற இடத்தில் தூசியோ பழைய கிரீஸோ இருக்கக் கூடாது. பெட்டியிலிருந்து கூலரை எடுத்த உடனே அவன் மண்ணெண்ணெயில் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் பளபளவென்று துடைத்திருக்கிறான். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துவதற்காகவே தடவியிருந்த பசை அது. கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு சின்ன ஊசிக்குழலில் வெள்ளைப் பசை கொடுத்தார். திரும்பும்போது அண்ணன், பஸ் துடியலூர் தாண்டியதும், "நல்லா சுத்தமா இருக்கோணும்னுதான் அம்மணி தொடச்சேன்" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பசை தடவிப் பூட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேப்பர் படித்தார், சாப்பாட்டை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. நானும் அண்ணனும் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர்களைப் போல நடந்துகொண்டிருந்தோம். பொழுது சாய்ந்ததும் அப்பா எழுந்து, திறந்திருந்த பக்கம் வழியாகக் கூலரின் தகட்டோரம் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஓடுதப்பா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி சொல்லக் கிளம்பினார்.

அந்த வாரமே அண்ணன் மஸ்கட் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வான். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் அவனுக்குக் கேட்க வராது. எடுத்ததுமே, "சூடு எத்தன, அம்மணி?" என்பான். நான் போனுக்கு முன்பே நீலத்திரையைத் திறந்து பார்த்து வைத்திருப்பேன். "நாப்பத்தி ரெண்டுங்ணா" என்றால், "அது போதும்" என்பான். படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன், என் இஷ்டப்படி கல்யாணமும் செய்துகொண்டேன். கேள்வி மாறவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கிய செய்தியைச் சொன்னபோது, "புதுசுல சூடு எத்தன?" என்றான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவன் பேசவில்லை. கூட வேலை செய்தவர்தான் பேசினார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அத்தனை மோட்டாரின் மேல் வைத்துப் பார்த்த கையைத் தன் மேல் அவன் வைத்துப் பார்க்கவே இல்லை.

மகனிடம், "எனக்காக ஒரு நாள் இந்தச் சின்னதையே பூட்டுடா" என்றேன். சலித்துக்கொண்டே பூட்டினான். அடியிலிருந்த பசையை யாரும் துடைத்துவிடாதபடி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசிறி சுழன்றது. திரையின் மூலையில் சூடு தெரிந்தது. நான் தகட்டோரம் புறங்கையையும் வைத்துப் பார்த்தேன், அதிகமில்லை.

"முப்பத்தி எட்டுங்ணா" என்றேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை.