போஸ்டரில் இல்லாத அண்ணா

“இவள் படித்து என்ன கிழிக்கப் போகிறாள்?” அம்மாவின் மீன்குழம்பை வழித்துத் தின்றபடி, என்னைக் காட்டி அண்ணாவிடம் கேட்டான் மனேஜர்.

இன்று வானொலி நிலைய வாசலில் அவனுடைய சுருட்டு மணத்ததும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த நோபல் பார்க் வீட்டில், அம்மா சமைக்கும் குசினிக்கே நினைவில் போய்விட்டேன். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அண்ணா மனேஜர் நடத்திய ரொக் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தான். வீட்டில் உட்கார இருந்த ஒரே நல்ல கதிரை மனேஜருக்குத்தான். சுருட்டுச் சாம்பலைச் சாப்பிட்ட தட்டிலேயே தட்டுவான்.

இசைக்குழுவின் போஸ்டருக்குப் படம் எடுத்த நாளில் அம்மா அண்ணாவின் வெள்ளைச் சேட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தா. போஸ்டர் ரயில் நிலையச் சுவரில் ஏறியதும் எல்லோரும் பார்க்கப் போனோம். அண்ணாவின் கிற்றார் ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தில் தொங்கியது.

“நீ எங்கையடா நிக்கிறாய்?”

“நான் லைட் பிடிச்சனான், அம்மா. மனேஜர் சொன்னவர், என்ர முகம் படத்தைக் கெடுக்குமாம்.”

அம்மா வீட்டுக்கு வந்து அந்தக் கதிரையைத் தூக்கிப் பின்வளவில் போட்டா.

இப்போது இந்த நாட்டு ரொக் இசையை வளர்த்தவன் என்று மனேஜரைக் கொண்டாடுகிறார்கள். அவனுடைய வாழ்க்கையைப் பற்றிய பேட்டிக்குத்தான் வந்திருக்கிறான். கேள்வி கேட்பவள், எங்கள் குடும்பத்தில் முதலில் படித்துப் பட்டம் பெற்ற நான்.

ஒலிப்பதிவு அறையில் விருந்தினருக்கு இரண்டு கதிரைகள். ஒன்றில் அண்ணாவை, கிற்றாருடன், ஏற்கனவே இருத்திவிட்டேன்.